துணைவருக்குக் கேமரா பரிசளிக்க நினைப்பவர்களுக்கு

முதல் முறை என் மனைவிக்கு நான் வாங்கிக் கொடுத்தது, இரண்டு லென்ஸும் பையும் சேர்ந்து இரண்டு கிலோவுக்குக் குறையாத ஒரு டிஎஸ்எல்ஆர் கேமரா. பிறந்தநாளன்று எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து நான்கு படங்கள் எடுத்தார். அதன்பின் அது பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில், அந்துருண்டை வாசனையோடு இரண்டு மழைக்காலங்களைக் கழித்தது. வெளியே எடுத்தபோது லென்ஸுக்குள் பூஞ்சை நூல்நூலாகப் படர்ந்திருந்தது. கேமராவைக் குறை சொல்ல முடியாது. கடையில் நான் கேட்ட கேள்விகள் எல்லாம் நான் ஆசைப்பட்ட கேமராவைப் பற்றியவை. அவர் எதைப் படமெடுக்கிறார், எந்த நேரத்தில், எவ்வளவு தொலைவில் நின்று எடுக்கிறார் என்பதை ஒருநாளும் கவனித்திருக்கவில்லை.

ஆகவே கடைக்குப் போகுமுன், அவர் கடந்த ஓராண்டில் கைப்பேசியில் எடுத்த படங்களைப் பாருங்கள். கைப்பேசியைத் திருட்டுத்தனமாகத் திறக்க வேண்டியதில்லை. குடும்பத்தோடு பகிர்ந்து வைத்திருக்கும் தொகுப்பே போதும். ஆனால் வாட்ஸப்பில் வழக்கமான முறையில் அனுப்பப்பட்ட படங்கள் இதற்கு உதவா, ஏனெனில் அவை சுருக்கப்படுவதோடு எடுத்த விவரங்களையும் இழந்துவிடுகின்றன. மூலப்படத்தைத் திறந்து மேல்நோக்கித் தள்ளினால், ஷட்டர் வேகம் (ஒளி உள்ளே விழுந்த நேரம்), ஐஎஸ்ஓ எண் (கேமரா ஒளியை உணரும் திறனின் அளவு), எந்த லென்ஸ் என்பன தெரியும். ஐம்பது படங்களைப் பார்த்தால் ஒரு வழக்கம் பிடிபடும். பெரும்பாலானவை வீட்டுக்குள் குழல்விளக்கு வெளிச்சத்தில் எடுத்த குழந்தைப் படங்களா, காலை வெயிலில் எடுத்த கோலமும் செடியுமா, மொட்டைமாடியிலிருந்து ஜூம் செய்து எடுத்துத் தெளிவிழந்த பறவைகளா, பேசிப் பதிவுசெய்த சமையல் காணொளிகளா என்பதைப் பொறுத்து, வாங்க வேண்டிய பொருளே மாறிவிடும். நன்றாக வந்த படங்களைவிடச் சொதப்பிய படங்களே இதில் அதிகம் சொல்லும். ஒருவர் மறுபடி மறுபடி முயன்று தோற்ற இடத்தில்தான் புதிய கருவிக்கு வேலை இருக்கிறது. கைப்பேசியே எல்லாவற்றையும் நிறைவாகச் செய்துகொண்டிருந்தால், கேமரா வாங்கும் எண்ணத்தையே ஒருமுறை மறுபரிசீலனை செய்யலாம்.

நம் வீடுகளில் மிகுதியாகக் காணப்படும் குறை, ஓடியாடும் குழந்தை மங்கலாக விழுவது. இதற்குப் பலர் விலை கூடிய கேமராவைத் தேடுகிறார்கள். நான் லென்ஸைத் தேடச் சொல்வேன். கேமராவோடு சேர்த்துத் தரப்படும் கிட் லென்ஸை ஜூம் செய்தால் அதன் துளை பெரும்பாலும் எஃப் 5.6 அல்லது 6.3 வரை சுருங்கிவிடும் (எஃப் எண் கூடக்கூடத் துளை சிறிதாகும்). எஃப் 1.8 துளையுள்ள லென்ஸ், எஃப் 5.6 உள்ளே விடுவதைப்போல ஏறத்தாழப் பத்து மடங்கு ஒளியை விடும். அதாவது, மாலை வேளையில் ஒரே ஐஎஸ்ஓவில் கிட் லென்ஸுக்கு 1/25 வினாடி தேவைப்படும் இடத்தில், இந்த லென்ஸ் 1/250 வினாடியில் வேலையை முடித்துவிடும். 1/25 வினாடியில் கையசைக்கும் குழந்தையின் விரல்கள் கரைந்துபோகும், 1/250இல் நிற்கும். கேமராவுக்குள்ளோ லென்ஸுக்குள்ளோ இருக்கும் அதிர்வுத்தடுப்பு நம் கை நடுக்கத்தை மட்டுமே சரிசெய்கிறது, குழந்தையின் ஓட்டத்தை நிறுத்துவதில்லை என்பதைக் கடைக்காரர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.

அதற்காக எல்லோரும் பரிந்துரைக்கும் 50 மி.மீ. லென்ஸைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடாதீர்கள். மி.மீ. எண் கூடக்கூட, படத்துக்குள் வரும் அகலம் குறையும். தொடக்கநிலைக் கேமராக்களில் பெரும்பாலும் இருப்பது ஏபிஎஸ்-சி என்ற அளவிலான சென்சார், அதாவது ஒளியைப் படமாக்கும் சில்லு. சோனி, நிக்கான், ஃபியூஜிஃபிலிம் கேமராக்களில் அதன் அகலம் சுமார் 23.5 மி.மீ., கேனானில் இன்னும் சற்றுக் குறைவு. அந்தச் சென்சாரில் 50 மி.மீ. லென்ஸைப் பொருத்திப் பத்தடி தள்ளி நின்றால், படத்துக்குள் வருவது ஐந்தடிக்கும் குறைவான அகலம். ஒருவரின் முகத்தையும் தோளையும் எடுக்க அது அருமையான லென்ஸ். பத்தடிக்குப் பத்தடிக் கூடத்தில் பாட்டியும் பேரனும் பல்லாங்குழி ஆடுவதை எடுக்க, சுவரை இடித்துக்கொண்டு பின்னால் போக வேண்டியிருக்கும். அதே இடத்தில் 24 மி.மீ. லென்ஸ் ஏறத்தாழப் பத்தடி அகலத்தைக் காட்டும். நிக்கானின் 24 மி.மீ. எஃப் 1.7, பல நிறுவனக் கேமராக்களுக்குக் கிடைக்கும் சிக்மாவின் 30 மி.மீ. எஃப் 1.4 போன்றவை வீட்டுக்கு இன்னும் பொருந்துபவை. லென்ஸ் வாங்குமுன் அது அந்தக் கேமராவின் மவுண்ட்டுக்கு (லென்ஸ் பொருந்தும் வளையத்துக்கு) உரியதா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். கேனானின் பழைய இஎஃப் லென்ஸ் புதிய ஆர்எஃப் கேமராவில் அடாப்டர் இல்லாமல் உட்காராது.

மெகாபிக்சலைப் பற்றி நீண்ட விசாரணை தேவையில்லை. 24 மெகாபிக்சல் படம் என்பது 6000க்கு 4000 புள்ளிகள்; அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற நல்ல தரத்தில் அச்சிட்டாலே 20 அங்குல அகலம் வரும். கல்யாண ஆல்பத்தின் 12க்கு 18 அங்குலப் பக்கத்தை அது தாராளமாக நிரப்பிவிடும்.

கவனத்தைக் கைக்கும் கண்ணுக்கும் திருப்புங்கள். அவர் வெளியே போகும்போது எடுத்துச் செல்லும் கைப்பையில் அடங்காத கேமரா வெளியே போகாது என்பது நான் விலை கொடுத்துக் கற்றது. கேனான் ஈஓஎஸ் ஆர்50 போன்ற மிரர்லெஸ் கேமரா (டிஎஸ்எல்ஆரின் உள்ளே இருக்கும் கண்ணாடி இல்லாதது), லென்ஸ் நீங்கலாகப் பேட்டரியும் கார்டும் சேர்ந்து 400 கிராமுக்குள் அடங்குகிறது. ரிக்கோ ஜிஆர் வரிசைக் கேமராக்கள் சட்டைப்பையிலேயே அடங்கும். ஆனால் லென்ஸ் மாற்ற முடியாது, ஜூமும் கிடையாது. அடுத்தது வியூஃபைண்டர், அதாவது கண்ணை ஒட்டிவைத்துப் பார்க்கும் சிறு சாளரம். சோனி இசட்வி-இ10, நிக்கான் இசட்30 ஆகியவை காணொளி எடுப்பவர்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை, அவற்றில் வியூஃபைண்டர் இல்லை. சித்திரை வெயிலில் மகாபலிபுரத்துக் கடற்கரைக் கோயில் முன் நின்றால், பின்திரையில் தெரிவது பெரும்பாலும் நம் முகமாகத்தான் இருக்கும். வெளியில் அதிகம் படமெடுப்பவருக்கு வியூஃபைண்டர் உள்ள கேமராவையே வாங்குங்கள். அவர் கண்ணாடி அணிபவரானால், வியூஃபைண்டர் ஓரத்தில் இருக்கும் பார்வைத் திருத்தச் சக்கரத்தைத் திருப்பிப் பார்க்கச் சொல்லலாம். எளிய கிட்டப்பார்வைக்கும் தூரப்பார்வைக்கும் அது பெரும்பாலும் போதுமானது.

பறவை பார்ப்பவர் தனிவகை. வேடந்தாங்கலில் ஏரிக்கரையில் நாம் நிற்க, பறவைகள் நீருக்குள் நிற்கும் மரங்களில் கூடுகட்டியிருக்கும். அங்கே கிட் லென்ஸால் வெள்ளைப் புள்ளிகளைத்தான் எடுக்க முடியும். 2000 மி.மீ.க்கு இணையான ஜூம் உள்ள நிக்கான் பி950 போன்ற பிரிட்ஜ் கேமரா (கழற்ற முடியாத ஜூம் லென்ஸோடு வருவது), தனி லென்ஸ் செலவின்றி நாரையின் கண்ணைக் காட்டிவிடும். பதிலுக்கு இழப்பது வெளிச்சத்தை: அதன் சென்சார் பரப்பு ஏபிஎஸ்-சியில் ஏறத்தாழப் பதின்மூன்றில் ஒரு பங்கு என்பதால், பொழுது சாய்ந்ததும் படத்தில் மணல் தூவியதுபோலாகிவிடும். வீட்டுக்குள் எடுக்கும் குழந்தைப் படங்களுக்கு அதை வாங்கித்தர வேண்டாம்.

பணத்தைப் பிரிப்பதில் ஒரு யோசனை. புதிய மிரர்லெஸ் கேமராக்கள் கிட் லென்ஸுடன் அரை லட்சம் ரூபாயை ஒட்டித் தொடங்குகின்றன. கையிலுள்ள தொகையில் மூன்றில் ஒரு பங்கை இரண்டாவது லென்ஸ், கூடுதல் பேட்டரி, மெமரி கார்டு, காப்புப்பெட்டி ஆகியவற்றுக்கு ஒதுக்கிவைத்துவிட்டு, எஞ்சியதில் கேமராவைத் தேடுங்கள். கார்டு, பதிவு வேகத்தைக் காட்டும் வி30 குறியுள்ள 64 ஜிபி போதும்; 4கே காணொளிக்கும் அந்த வேகம் தாங்கும், ஜேபெக் படங்களானால் ஆயிரக்கணக்கில் கொள்ளும். போலிக் கார்டுகள் சந்தையில் நடமாடுவதால், அதைக் கேமரா வாங்கும் கடையிலேயே பில்லோடு வாங்குவது நல்லது.

விலை வழக்கத்துக்கு மாறாகக் குறைந்திருந்தால், அது கிரே மார்க்கெட் சரக்கா என்று கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து வேறு வழியில் வந்த கேமராவும் நல்ல கேமராவாக இருக்கலாம், ஆனால் இந்திய உத்தரவாதம் அதற்குக் கிடைக்காது. ஜிஎஸ்டி பில்லில் உள்ள வரிசை எண், பெட்டியிலும் கேமராவின் அடிப்புறத்திலும் உள்ள எண்ணோடு ஒத்திருக்க வேண்டும். பழைய கேமரா வாங்குவதும் தவறில்லை. ஷட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்று கேட்டு, லென்ஸின் பின்புறமிருந்து டார்ச் அடித்து, வெள்ளை நூலிழைகள் தெரிகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கடலோர ஊர்களில் வாங்குவதானால் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது.

பரிசு என்பதாலேயே நேரும் ஒரு சிக்கல் உண்டு. பிறந்தநாளுக்கு ஒரு மாதம் முன்பே வாங்கி, பெட்டியைப் பிரிக்காமல் ஒளித்துவைத்தால், உள்ளே பழுது இருப்பது தெரியவரும்போது மாற்றித்தரும் காலம் கடந்திருக்கும். இணையவழியில் வாங்கினால் அந்தக் காலம் சில நாட்களே; பணத்தைத் திருப்பித் தராமல் பொருளை மட்டுமே மாற்றித்தரும் விதியும் இருக்கலாம். ஆகவே பிறந்தநாளை நெருங்கி வாங்கி, உடனே பெட்டியைத் திறந்து, வெள்ளைத்தாளை ஒரு படமும் லென்ஸ் மூடியை மாட்டியபடி ஒரு படமும் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். சென்சாரில் அழுக்கோ பழுதான புள்ளியோ இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும். பேட்டரியை முழுதாக ஏற்றி, கார்டை உள்ளே போட்டு, தேதியையும் நேரத்தையும் சரிசெய்துவையுங்கள். தேதி தவறியிருந்தால், பின்னால் படங்கள் கைப்பேசித் தொகுப்பில் ஏதோ ஓர் ஆண்டின் ஜனவரி முதல் தேதியில் போய் உட்கார்ந்துகொள்ளும். கேமராவிலிருந்து கைப்பேசிக்குப் படம் அனுப்பும் செயலியை மட்டும் அவரோடு சேர்ந்து இணைத்துக்கொள்ளலாம். எடுத்த அன்றே குடும்பக் குழுவில் போட முடியாவிட்டால், பலர் கைப்பேசிக்கே திரும்பிவிடுகிறார்கள்.

கேமராவோடு வரும் தோல் உறையிலோ துணிப்பையிலோ அதை நிரந்தரமாக வைக்கக்கூடாது. ஈரத்தைப் பிடித்துவைத்துப் பூஞ்சையை வளர்ப்பவை அவைதாம். இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டி, நிறம் மாறும் சிலிகா ஜெல், ஒரு சிறிய ஈரப்பதமானி மூன்றும் போதும். உள்ளே ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருக்கட்டும்; ஜெல்லின் நிறம் மாறியதும், பொட்டலத்தில் சொல்லியிருக்கும் முறைப்படி சூடாக்கி மீண்டும் பயன்படுத்தலாம். எங்கள் வீட்டில் இப்போது அந்தப் பெட்டி பீரோவில் இல்லை, வாசலருகே செருப்பு அலமாரிக்கு மேல், சாவிக்கொத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. காலையில் கோலம் போட்டு முடித்ததும் கையெட்டும் தூரம்.