கடற்குதிரையும் மூளையும்: உடற்கூற்றியல் மாணவருக்கு ஒரு குறிப்பு

உடற்கூற்றியலின் ஆங்கிலப் பெயர்களை உருப்போடுவதற்கு முன் அவற்றின் மூலச்சொல்லைப் பார்த்துவிடுங்கள். பாம்பனிலோ கீழக்கரையிலோ வளர்ந்தவருக்கு அவற்றுள் சில ஏற்கெனவே பழகிய பொருள்களாகவே இருக்கும். நினைவைப் பதியவைப்பதில் பங்குகொள்ளும் மூளைப் பகுதிக்கு, குதிரையையும் கடல் விலங்கையும் குறிக்கும் இரு கிரேக்கச் சொற்கள் சேர்ந்த ஹிப்போகாம்பஸ் என்ற பெயரை 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியரான அரான்சி சூட்டினார். தனியே பிரித்தெடுத்துப் பார்த்தால் அது மன்னார் வளைகுடாவின் கடற்குதிரையைப் போலவே வளைந்திருக்கும். (மாதிரிக்கென்று கடற்குதிரையைப் பிடிப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், படமே போதும்.) உட்செவியின் சுருள் உறுப்பான காக்ளியாவின் பெயர் நத்தை ஓட்டைக் குறிக்கும் சொல்; ஏறக்குறைய இரண்டரைச் சுற்றுச் சுருண்ட அதன் அமைப்பை, அறுத்த சங்கின் உட்சுருளைக் கண்டவர் மறப்பது கடினம். பெயரே வடிவத்தைச் சொல்லிவிடுவதால் இரண்டையும் தனித்தனியே மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

நடுச்செவியைத் தொண்டையோடு இணைக்கும் யூஸ்டேகியன் குழாய் போன்று ஆள்பெயர் தாங்கியவற்றுக்கு இம்முறை உதவாது. முழங்கால் சில்லான பட்டெல்லாவிலும் கவனம் தேவை: பாறையில் ஒட்டி வாழும் ஒருவகை நத்தைக்கும் அதே பெயர் உண்டெனினும், இலத்தீனில் அதன் பொருள் சிறு தட்டு என்பதே.