ஆற்றில் குதிக்கும் பையனைக் களிமண்ணில் செய்வது

சிங்கப்பூர் ஆற்றின் கெவனா பாலத்துக்குப் பக்கத்தில், ஃபுல்லர்ட்டன் ஹோட்டலை ஒட்டிய ஆற்றங்கரையில் ஐந்து பையன்கள் அம்மணமாகத் தண்ணீருக்குள் குதிக்கிறார்கள். சிற்பி சோங் ஃபா சியோங் 2000இல் செய்த வெண்கலச் சிலைகள். பெயர் 'முதல் தலைமுறை'. 1977இல் தொடங்கிப் பத்து வருடம் ஆற்றைச் சுத்தம் செய்தார்கள். தொங்காங் என்ற சரக்குப் படகுகளெல்லாம் போய்விட்டன. இப்போது அங்கே குதிப்பது இந்த ஐவர்தான்.

"தாத்தா, நீங்களும் இப்படிக் குதிச்சீங்களா?" என்றான் பேரன். செம்பவாங் பக்கம் கம்பத்தில், அதாவது எங்கள் கிராமத்தில், நான் குதித்தது லோங்காங் என்கிற வடிகாலில், அதுவும் காற்சட்டையோடு. ஆனால் அந்த முழங்கால் மடிப்பு எனக்கு நன்றாகத் தெரியும். அதைத்தான் வீட்டில் செய்து பார்த்தோம்.

முதலில் நேரில் போய்ப் பாருங்கள். ராஃபிள்ஸ் பிளேஸ் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நடந்துவிடலாம். முகத்தை விடுங்கள், முதுகையும் குதிகாலையும் பாருங்கள். பக்கவாட்டில் இரண்டு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

தேவையானவை: காற்றில் காயும் களிமண் அரைக் கிலோ, 2 மி.மீ. அலுமினியக் கம்பி, சமையலறை அலுமினியத் தாள், கனமான மரத்துண்டு. பிராஸ் பசா காம்ப்ளெக்ஸில் ஓவியப் பொருள் கடைகளில் தேடலாம்.

கம்பியை இரண்டாக மடித்துத் தலைக்கு ஒரு வளையம் விட்டு, இடுப்புவரை முறுக்குங்கள். மீதி இரண்டு நுனியும் கால்கள். கைகளுக்குக் குறுக்கே ஒரு துண்டு. ஒரு காலில் மட்டும் மூன்று செ.மீ. கூடுதலாக விட்டு, மரத்தில் துளை போட்டுச் செருகுங்கள். பையன் அந்த ஒரு காலில்தான் நிற்கப்போகிறான்.

மண் தொடுவதற்கு முன்பே குதிக்க வையுங்கள். இரண்டு கையும் ஒரே உயரத்தில் இருந்தால் உடற்பயிற்சி வகுப்பு மாதிரி ஆகிவிடும். ஒன்று மேலே, ஒன்று பின்னால் போகட்டும். கம்பியைத் தூரத்தில் வைத்துப் பார்த்தாலே பயல் விழுகிறான் என்று தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மண் பூசியும் பயனில்லை.

அப்புறம் அளவு. பெரியவர்களின் உயரம் ஏழரைத் தலை என்றால், ஆறு வயதுப் பிள்ளைக்கு ஆறு தலைதான். 15 செ.மீ. பையனுக்குத் தலை 2.5 செ.மீ. நான் முதல் தடவை தலையைச் சிறிதாக வைத்தேன். பையன் பேங்க் மேனேஜர் மாதிரி வந்தான்.

உடம்புக்குத் தாளைக் கசக்கிச் சுற்றி, மேலே அரை செ.மீ. மண் அப்புங்கள், அதற்குமேல் வேண்டாம். வயிறு கொஞ்சம் முன்னே தள்ளட்டும்.

பாக்கெட்டில் ஒரு நாளில் காயும் என்று போட்டிருக்கலாம். நம் ஊர் ஈரத்துக்கு மூன்று நாள் ஆகும். பொறுக்காமல் ஃபேனுக்கு நேரே வைத்தேன், கழுத்து வெடித்தது. அதே மண்ணைத் தோசைமாவுப் பதத்துக்குக் கரைத்து விரிசலில் தடவினேன், சரியாகிவிட்டது.

காய்ந்ததும் காப்பி நிறம் பூசி, முழங்காலிலும் தோளிலும் மட்டும் தங்க நிறத்தை விரலால் தேயுங்கள். அலமாரி விளிம்பில், கால் வெளியே நீட்டியபடி வையுங்கள். வீட்டில் பூனை இருந்தால் மரத்துண்டை ஒட்டிவிடுங்கள்.