காவலூர் வானாய்வகத்துக்கு முதன்முறையாகச் செல்லும் மாணவருக்கு

திருப்பத்தூர் மாவட்டத்தில், ஜவ்வாது மலையில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில் வானியலாளர் வைணு பாப்புவின் பெயரைத் தாங்கிய காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் அமைந்துள்ளது. பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய வான் இயற்பியல் நிறுவனம் இதனை நடத்துகிறது. வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாகச் சாலை செல்கிறது. சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிப்பது நெடுநாளைய வழக்கம் என்றாலும், புறப்படும் முன் அந்த வாரத்துக்குரிய அறிவிப்பை நிறுவனத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வகுப்பாகச் செல்வதாக இருந்தால் ஆசிரியர் வழியாக முன்கூட்டியே எழுதி அனுமதி பெறுங்கள்.

எந்த நாளில் செல்வது என்பதுதான் முதல் முடிவு. அதற்கு வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியே போதும். தேய்பிறை அஷ்டமியிலிருந்து அமாவாசை கழிந்த மூன்றாம் பிறை வரையுள்ள நாட்களில் முன்னிரவு வானம் இருண்டிருக்கும். மங்கலான விண்மீன் கொத்துகளையும் வளிமுகில்களையும் (நெபுலா) காண விரும்புபவர் அந்த நாட்களுக்குள் வரும் சனிக்கிழமையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நிலவின் பள்ளங்களைக் காண விரும்பினால் வளர்பிறை சப்தமியை ஒட்டிச் செல்லுங்கள். ஒளியும் இருளும் சந்திக்கும் விளிம்பில் நிழல்கள் நீண்டு விழுவதால் பள்ளங்கள் அப்போதுதான் ஆழமாகத் தெரியும், பௌர்ணமியன்று அவை தட்டையாகிவிடும். மாதத்தைப் பொறுத்தவரை ஜனவரி முதல் மே வரை நல்லது. தென்மேற்குப் பருவமழையும் அதைத் தொடர்ந்து வடகிழக்குப் பருவமழையும் மீதி மாதங்களில் வானத்தைப் பெரும்பாலும் மூடிவிடுகின்றன.

பெரிய தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்க்கலாம் என்ற எண்ணத்தோடு செல்லாதீர்கள். 1986 இல் தொடங்கிவைக்கப்பட்ட 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி திரட்டும் ஒளி ஒளிப்படக் கருவிக்கோ, ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைமானிக்கோ செல்கிறது. வானியலாளர் தனி அறையில் கணினித் திரையின் முன் அமர்ந்திருப்பார். பார்வையாளர்கள் வானத்தைக் காண்பது வேறொரு சிறிய தொலைநோக்கியில். இதை முன்பே அறிந்து சென்றால் ஏமாற்றம் இராது. பெரிய தொலைநோக்கியைப் பகல் வெளிச்சத்திலேயே பார்த்துவிடுவது நல்லது. குதிரை லாட வடிவிலான அதன் தாங்கியை நின்று கவனியுங்கள். அது சுழலும் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இருக்க வேண்டும். காவலூரின் அட்சரேகை சுமார் 12.5 பாகை என்பதால் அந்த அச்சு கிட்டத்தட்டப் படுத்தவாறு இருக்கிறது. இரவில் வடக்கே திரும்பிக் கையை முழுவதும் நீட்டி விரல்களை முட்டியாக மடக்கிப் பிடியுங்கள். முட்டியின் அகலம் ஏறக்குறைய 10 பாகை. அடிவானத்திலிருந்து ஒன்றேகால் முட்டி உயரத்தில் துருவ விண்மீனைத் தேடுங்கள். அந்த இரும்பு அச்சு குறி வைத்திருப்பதும் அந்தப் பக்கத்தையே.

அங்குள்ள 1 மீட்டர் தொலைநோக்கியையும் தவறவிடாதீர்கள். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்கவிருந்தபோது, மறைப்புக்கு முன்பே அந்த விண்மீனின் ஒளி சில நொடிகள் குன்றியது அதில் பதிவாயிற்று. யுரேனஸைச் சுற்றி வளையங்கள் உண்டு என்பதைக் காட்டிய சான்றுகளுள் அதுவும் ஒன்று. 1988 இல் இங்குள்ள பரந்த வானப்பரப்பைப் படமெடுக்கும் 45 செ.மீ. ஷ்மிட் தொலைநோக்கியால் கண்டறியப்பட்ட ஒரு சிறுகோள் 4130 இராமானுஜன் என்னும் பெயரைத் தாங்குகிறது.

இருட்டுக்குக் கண்ணைப் பழக்குவதே இந்தப் பயணத்தின் முக்கியமான வேலை. பலரும் கைவிட்டுவிடுவதும் இதைத்தான். விழித்திரையில் மங்கிய ஒளியை உணரும் கோல் செல்களில் உள்ள ரொடாப்சின் என்ற நிறமி வெளிச்சத்தில் சிதைந்து, இருளில் மெல்ல மெல்ல மீண்டும் சேர்கிறது. அதற்கு அரை மணி நேரமாவது ஆகும். ஒருமுறை கைபேசித் திரையைப் பார்த்தால் அவ்வளவு காத்திருப்பும் வீணாகிவிடும், அருகில் நிற்பவருடையதும் சேர்ந்து. ஆகவே கைபேசியை அணைத்துப் பையில் வையுங்கள். டார்ச் விளக்கின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மூன்று மடிப்பாகக் கட்டுங்கள். மங்கிய சிவப்பொளி அந்த நிறமியை அதிகம் பாதிப்பதில்லை. வாகனத்தில் வருபவர்கள் வெளிச்சம் இருக்கும்போதே வந்து சேர வேண்டும், ஏனென்றால் முகப்பு விளக்கின் ஒளி தொலைநோக்கி இருக்கும் குவிமாடத்துக்குள் நுழைந்தால் ஒருவரது பல மணி நேர உழைப்பு கெட்டுவிடக்கூடும்.

உங்கள் முறை வரும்போது தொலைநோக்கியின் குழாயைப் பிடிக்காதீர்கள், அதன்மீது சாயாதீர்கள். மங்கலான பொருளை நேராக உற்றுப் பார்ப்பதைவிடச் சற்றே விலக்கி, ஓரக்கண்ணால் பாருங்கள். விழித்திரையின் நடுவில் கோல் செல்கள் இல்லாததால் ஓரப்பார்வையில்தான் அது எழும்பித் தெரியும். படங்களில் காணும் சிவப்பும் நீலமும் கண்ணுக்குத் தெரியாது. சாம்பல் நிறப் புகைபோலவே இருக்கும். கண் சேர்த்து வைக்காத ஒளியைக் கருவி நிமிடக் கணக்கில் சேர்த்து வைப்பதால் வரும் வேறுபாடு அது.

வரிசையில் காத்திருக்கும் நேரத்தில் தெற்கே பாருங்கள். வட நாடுகளின் வானாய்வகங்களுக்குக் கிட்டாத தென்வானம் இங்கே திறந்திருக்கிறது. ஜனவரி, பிப்ரவரி முன்னிரவில் அகத்தியர் விண்மீன் (கனோபஸ்) தென்திசையில் ஒளிரும். ஏப்ரல் நள்ளிரவிலும் மே மாதம் இரவு 10 மணியளவிலும் ஒமேகா சென்டாரி என்ற விண்மீன் கொத்து அடிவானத்துக்கு மேல் மூன்று முட்டி உயரத்தில் நிற்கும். வெறும் கண்ணுக்கு அது மங்கிய ஒரு விண்மீன்தான், சிறிய தொலைநோக்கியிலோ தூவிய மாவைப்போல் விரியும்.

மலையில் பின்னிரவு குளிரும். காதை மூடும் துணியும் குடிநீரும் எடுத்துச் செல்லுங்கள். வானம் மூடிக்கொண்டால் உடனே கிளம்பிவிடாமல் அங்குள்ளவர்களிடம் கேள்வி கேளுங்கள்: இன்றிரவு எந்தப் பொருளை நோக்கத் திட்டமிட்டிருந்தார்கள், ஏன் அதை, தொலைநோக்கிக் கண்ணாடியின் அலுமினியப் பூச்சை எவ்வாறு புதுப்பிக்கிறார்கள் என்று. சிறிய குறிப்பேடு ஒன்றில் தேதி, நேரம், மேகத்தின் அளவு ஆகியவற்றோடு, தொலைநோக்கியில் கண்டதைப் பென்சிலால் அங்கேயே வரைந்துவிடுங்கள். காலையில் வரைந்தால் நீங்கள் முன்பு பார்த்த படங்கள் வந்து கலந்துவிடும்.