குழாய் புதைக்கும் முன்: சிறு நகரத்தின் தண்ணீர், வடிகால் திட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐம்பதாயிரம் பேர் வசிக்கும் ஒரு நகரம், அடுத்த முப்பது வருடங்களுக்கான குடிநீர், கழிவுநீர், மழைநீர் வடிகால் மூன்றுக்கும் சேர்த்துத் திட்டம் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கூட்டம் கூடியதும் எழும் முதல் கேள்வி பெரும்பாலும் "எவ்வளவு பெரிய குழாய்? எத்தனை லட்சம் லிட்டர் தொட்டி?" என்பதுதான். அளவு முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முன்பே கேட்க வேண்டியது ஒன்று உண்டு: இதில் எதையெல்லாம் பின்னால் மாற்றிக்கொள்ளலாம், எதையெல்லாம் மாற்றவே முடியாது?

பம்ப்பை மாற்றலாம். சுத்திகரிப்பு நிலையத்தில் பத்து வருடம் கழித்து இன்னொரு பிரிவைச் சேர்க்கலாம். வீடுகள் எழும்பிவிட்ட இடத்தில் வாய்க்காலுக்கு நிலம் கேட்டால் கிடைக்காது. தவறான ஆழத்தில் போட்ட பிரதானக் கழிவுநீர்க் குழாயைத் தோண்டியெடுத்து, மறுபடி வாட்டம் (நீர் தானாக ஓடுவதற்கான சரிவு) பிடித்துப் போடச் சிறு நகரங்களால் முடிவதில்லை. இந்த இரண்டு வகையையும் ஒரே கணக்கில் போட்டுக் குழப்புவதால்தான் கீழே வரும் தவறுகளில் பாதி நடக்கின்றன.

ஒரே ஒரு மக்கள்தொகை எண்ணைப் பிடித்துக்கொள்வது

50,000 பேர் வருடத்துக்கு 2% பெருகினால் முப்பது வருடத்தில் சுமார் 90,000 ஆவார்கள். 3% என்றால் 1,21,000. 4% என்றால் 1,62,000. புதிதாக ஒரு தொழிற்சாலை வருவதும் இருக்கிற ஒன்று மூடப்படுவதும் போதும், இந்த விகிதம் தலைகீழாகிவிடும். ஆனாலும் திட்ட அறிக்கைகளில் கடைசி இலக்கம் வரை துல்லியமாக ஒரே ஓர் எண் அச்சாகியிருக்கும். அதை யாரும் திரும்பக் கேள்வி கேட்க மாட்டார்கள்.

குறைவு, நடுத்தரம், அதிகம் என்று மூன்று கணக்கு வைத்துக்கொள்வது நல்லது. நிலம், குழாய் செல்லும் பாதை, ரயில் தண்டவாளத்துக்கும் நெடுஞ்சாலைக்கும் அடியில் போகும் கடப்புகள் போன்றவற்றை அதிகக் கணக்குக்கு ஒதுக்கிவைக்கலாம். பம்ப், சுத்திகரிப்புப் பிரிவுகள், மேல்நிலைத் தொட்டிகள் ஆகியவற்றை குறைந்த கணக்கில் தொடங்கிப் பிறகு கூட்டிக்கொண்டே போகலாம்.

"எதற்கும் இருக்கட்டும், பெரிதாகவே போட்டுவிடுவோம்"

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. சின்னதாகப் போட்டுவிட்டால் திட்டு விழும். பெரிதாகப் போட்டதற்காக யாரும் திட்டுவதில்லை. ஆனால் குழாய் தேவைக்கு மேல் பெரிதாக இருப்பதில் உண்மையான கெடுதல் இருக்கிறது.

குடிநீர்க் குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். பயன்பாடு குறைவாக இருந்து குழாய் பெரிதாக இருந்தால், தண்ணீர் உள்ளேயே நாள்கணக்கில் தங்கும். கலந்த குளோரின் வழியிலேயே தீர்ந்துவிடும். கடைசித் தெருவுக்குப் போய்ச் சேரும்போது கிருமியைக் கொல்லும் திறன் அதில் இருக்காது. தண்ணீரின் வயதை, அதாவது அது குழாய்க்குள் தங்கும் நேரத்தை, கணக்கிடாமலே பல நகரங்களில் குழாய் அளவை முடிவு செய்துவிடுகிறார்கள்.

கழிவுநீரில் நிலைமை இன்னும் மோசம். கழிவு அடியில் படியாமல் ஓட, நாளில் ஒரு முறையாவது நீரின் வேகம் நொடிக்குச் சுமார் 0.6 மீட்டரைத் தொட வேண்டும். பெரிய குழாயில் கொஞ்சம் நீர் மெல்லிய படலமாக ஊர்ந்து போகும். வண்டல் படியும். காற்றில்லாத அந்த வண்டலில் ஹைட்ரஜன் சல்பைடு உருவாகி மேலே எழும்பி, குழாயின் மேல்சுவரில் உள்ள ஈரத்தில் நுண்ணுயிர்களால் கந்தக அமிலமாக மாறும். கான்கிரீட் குழாய் என்றால் அந்த அமிலம் உச்சியை அரித்துக்கொண்டே போகும். ஐம்பது வருடம் உழைக்க வேண்டிய குழாய் அதற்கு வெகு முன்பே இடிந்து, மேலே போகும் சாலையும் உள்வாங்கும். சாலையில் திடீரென்று விழும் பள்ளங்களில் சிலவற்றுக்குக் காரணம் இதுதான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஒரே வாட்டத்தில், 200 மில்லிமீட்டர் குழாயைவிட 300 மில்லிமீட்டர் குழாய் கிட்டத்தட்ட மூன்று மடங்கு நீரைக் கொண்டுபோகும். செலவு மூன்று மடங்காவதில்லை. ஆழமாகத் தோண்டுகிற இடத்தில் பெரும் செலவு தோண்டுவதற்கும் சாலையைத் திரும்பப் போடுவதற்கும்தான் ஆகிறது. ஆகவே மறுபடி தோண்டவே முடியாத பிரதான வழித்தடத்தில், முதல் நாளின் ஓட்டத்திலேயே வேகம் கிடைக்கும்படி வாட்டம் அமைந்தால், அளவைத் தாராளமாக வைக்கலாம். தெருக் குழாய்களுக்கு அந்தத் தாராளம் வேண்டாம். சமதளமான ஊராக இருந்து வாட்டமே கிடைக்கவில்லை என்றால், இப்போது ஒரு குழாயைப் போட்டுவிட்டு, பக்கத்தில் இரண்டாவது குழாய்க்கு இடம் விட்டுவைப்பது புத்திசாலித்தனம்.

வடிகாலை மேலிருந்து கீழே வரைவது

என் கருத்தில் மிகப் பெரிய தவறு இதுதான். மழைநீர் வடிகாலை முடிவிடத்திலிருந்து, அதாவது ஆறோ ஓடையோ கடலோ எங்கே போய்ச் சேருகிறதோ அங்கிருந்து, பின்னோக்கி வடிவமைக்க வேண்டும். நடப்பதோ தலைகீழ். எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று புகார் வந்ததோ, அங்கே ஆரம்பித்து ஒரு கால்வாயைக் கட்டி "பக்கத்துக் கால்வாயில் இணைக்கப்படும்" என்று எழுதிவிடுகிறார்கள்.

ஒரு சின்னக் கணக்கு. நகரத்தின் நடுவிலிருந்து ஓடைக்கு 2 கிலோமீட்டர் தூரம், நிலம் அந்தத் தூரத்தில் 1.5 மீட்டர் இறங்குகிறது. ஆயிரத்துக்கு ஒன்று என்ற வாட்டத்தில் கால்வாய் 2 மீட்டர் இறங்க வேண்டும். தொடக்கத்தில் 1 மீட்டர் ஆழம் என்றால் முடிவில் 1.5 மீட்டர் ஆழம் வந்துவிடும். இப்போது ஓடையின் மட்டத்தைப் பார்க்க வேண்டும். வெயில் காலத்து மட்டத்தைப் பார்த்துப் பயனில்லை, வெள்ளம் வரும்போது ஓடை எந்த மட்டத்தில் ஓடுகிறது என்பதே கேள்வி. அது கால்வாய் முடிவின் அடித்தரையைவிட ஒரு மீட்டர் உயரமாக இருந்தால், தண்ணீர் வெளியேறுவது தடைப்படுவதோடு ஓடைநீர் கால்வாய்க்குள் பின்னோக்கி ஏறி வரும். கடலோர நகரத்தில் கடல்நீர் ஏற்றம் வரும் நேரத்தில் இதே கதை. கால்வாய் முடியும் இடத்தில் ஒருவழிக் கதவு வைத்தால் வெளிநீர் உள்ளே வராது. சரி, அந்த நேரத்தில் ஊருக்குள் பெய்யும் மழை எங்கே போகும்? அதைத் தேக்கிவைக்க இடம் வேண்டும், அல்லது பம்ப் வைத்து இறைக்க வேண்டும்.

குளமும் சதுப்பும் இங்கேதான் தம் மதிப்பைக் காட்டுகின்றன. ஒரு ஹெக்டேர் பரப்பில் ஒரு மீட்டர் நீர் தேங்கினால் அது ஒரு கோடி லிட்டர். கட்டடம் கட்டினால் வரும் வருமானத்தோடு ஒப்பிட்டு அந்தப் பள்ளத்தைத் தரிசு என்று எழுதிவைத்து விற்கிறவர்கள், அதே கொள்ளளவைக் கான்கிரீட்டில் கட்ட ஆகும் செலவையும் பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும்.

மட்டம் தொடர்பான இன்னொரு கூத்து, துண்டுதுண்டாக ஒப்பந்தம் விடுவது. வார்டுக்கு ஒருவர், வருடத்துக்கு ஒருவர் என்று கால்வாய் கட்டுகிறார்கள். ஒவ்வொருவரும் தம் பகுதிக்குள் வாட்டத்தைச் சரியாகவே வைத்திருப்பார்கள். இரண்டு துண்டும் சேரும் இடத்தில் மட்டும், கீழ்ப்பகுதியின் தரை 15 சென்டிமீட்டர் மேலே இருக்கும். அந்தப் படி இருக்கும்வரை மேல்பகுதியில் தண்ணீர் நின்றுகொண்டே இருக்கும், கொசு வளரும், வண்டல் படியும். முழு நகரத்துக்கும் ஒரே நிலைப்புள்ளியிலிருந்து (உயரம் குறித்துவைத்த நிலையான இடம்) மட்டம் எடுத்து, ஒவ்வொரு சந்திப்பிலும் கால்வாயின் தரை மட்டம் இவ்வளவு என்று எண்ணாக வரைபடத்தில் எழுதி ஒப்பந்தத்தோடு சேர்த்துக் கொடுத்தால் இது நடக்காது.

அப்புறம், சாலை. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போடும்போது ஒவ்வொரு முறையும் 5 சென்டிமீட்டர் ஏறினால், ஆறு முறையில் 30 சென்டிமீட்டர். வடிகால் எவ்வளவு நன்றாக இருந்தாலும் தண்ணீர் வீட்டுக்குள் போய்விடும், ஏனென்றால் இப்போது வீடுதான் பள்ளம். தண்ணீர் உள்ளே இறங்கும் துவாரங்களையும் மறந்துவிடுகிறார்கள். ஆளுயரக் கால்வாய் ஓடிக்கொண்டிருக்கும், மேலே இலையும் பிளாஸ்டிக்கும் அடைத்த கம்பிவலையைச் சுற்றி முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும்.

மழையை நாள் கணக்கில் பார்ப்பது

சிறு நகரத்தில் எல்லைக் கோட்டில் விழும் துளி வடிகாலின் வாயை அடைய அரை மணி, ஒரு மணி நேரம்தான் ஆகும். ஆகவே 24 மணி நேர மழை அளவு வடிவமைப்புக்குப் போதாது. 100 மில்லிமீட்டர் நாள் முழுக்கத் தூறினால் யாருக்கும் தெரியாது, இரண்டு மணி நேரத்தில் கொட்டினால் ஊர் மிதக்கும். 15 நிமிடம், 30 நிமிடம், ஒரு மணி என்று குறுகிய நேரப் பதிவுகள் வேண்டும். நகரத்துக்குள் அப்படிப் பதியும் மழைமானி இல்லையென்றால் இன்றே ஒன்றிரண்டை வைத்துவிடுவது, முழுத் திட்டத்திலும் மலிவான வேலை.

நிலம் மாறுவதையும் கணக்கில் எடுக்க வேண்டும். 10 ஹெக்டேர் திறந்தவெளியில் மணிக்கு 60 மில்லிமீட்டர் மழை பெய்தால், விழுவதில் ஐந்தில் ஒரு பங்கு ஓடுகிறது என்று கொண்டால், நொடிக்குச் சுமார் 330 லிட்டர் வரும். அதே இடம் கூரையும் தளமுமாகி பத்தில் ஏழு பங்கு ஓடத் தொடங்கினால் சுமார் 1,170 லிட்டர். மழை கூடவில்லை, நீர் மூன்றரை மடங்காகிவிட்டது. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் அது தாங்கும் ஈரம் சுமார் 7% கூடும் என்பதையும் சேர்த்துக்கொண்டால், பழைய பதிவுகளை மட்டும் நம்புவது ஏன் ஆபத்து என்று புரியும்.

"பத்து வருடத்துக்கு ஒரு முறை வரும் மழை" என்ற சொற்றொடர் பலரையும் ஏமாற்றுகிறது. ஒரு முறை வந்துவிட்டால் பத்து வருடம் நிம்மதி என்று அதற்கு அர்த்தமில்லை. ஒவ்வொரு வருடமும் அது வர 10% வாய்ப்பு. முப்பது வருடத்தில் ஒரு தடவையாவது அதை மிஞ்சிய மழை வர 96% வாய்ப்பு. கால்வாய் நிரம்பி வழியப் போவது நிச்சயம் என்று ஆனபிறகு, வழிந்தால் எந்த வழியாகப் போக வேண்டும் என்பதையும் திட்டத்திலேயே வரைய வேண்டும். 2011 ஜூலை 2 அன்று டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் மேகம் வெடித்தாற்போல் மழை கொட்டி நகரம் மூழ்கியது. மறுவருடம் அவர்கள் போட்ட திட்டத்தில், எல்லா நீரையும் குழாய்க்குள் அடக்க முயலவில்லை. சில சாலைகளையும் பூங்காக்களையும் தாழ்த்தி, பெருமழையின்போது அவையே வாய்க்காலாகவும் குளமாகவும் வேலை செய்யும்படி அமைக்க முடிவெடுத்தார்கள். எந்த இடம் நனையலாம், மருத்துவமனை, துணை மின்நிலையம் போன்ற எந்த இடம் நனையவே கூடாது என்பது அரசியல் முடிவு. அதைப் பொறியாளரின் கணக்குத்தாளுக்குள் ஒளித்துவைக்கக் கூடாது.

மழைநீரையும் கழிவுநீரையும் ஒரே குழாயில் விடுவது பற்றி ஒரு வரி போதும்: 19ஆம் நூற்றாண்டில் அப்படிக் கட்டிய லண்டன், மழை நாளில் தேம்ஸில் கலக்கும் கழிவைப் பிடிப்பதற்காக மட்டும் 25 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் ஒன்றைத் தோண்ட வேண்டியிருந்தது, அது முழுமையாக இணைக்கப்பட்டது 2025இல்.

ஓட்டைப் பானைக்குப் புதுக் கிணறு தேடுவது

தண்ணீர் போதவில்லை என்றதும் புதிய ஆறு, புதிய அணை, நூறு கிலோமீட்டர் குழாய் என்று பேச்சு கிளம்பும். இருக்கிற தண்ணீர் எங்கே போகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். கம்போடியத் தலைநகர் புனோம் பென்னில் 1993இல் உற்பத்தியாகும் தண்ணீரில் 72% கசிந்தோ திருடப்பட்டோ கணக்கில்லாமலோ போய்க்கொண்டிருந்தது. எக் சொன் சான் என்பவர் தலைமையில் எல்லா இணைப்புக்கும் மீட்டர், திருட்டு இணைப்புகளுக்கு முற்றுப்புள்ளி, கசிவை உடனுக்குடன் அடைக்கும் குழு என்று பொறுமையாகச் செய்து அதைச் சுமார் 6 சதவீதத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

சிறு நகரத்தில் தொடங்க எளிய வழி இது: நகரத்தைச் சில மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நுழைவாயிலில் ஒரு மீட்டர். இரவு 2 முதல் 4 மணிக்குள் ஊர் தூங்கும்போது அந்த மீட்டரைப் படிக்க வேண்டும். இருபத்துநாலு மணி நேரமும் நீர் வரும் ஊரில், அந்த நேரத்தில் ஓடுவதில் பெரும்பகுதி கசிவுதான். விட்டுவிட்டு நீர் தரும் ஊரில், சோதனைக்காகவாவது அந்த மண்டலத்துக்கு இரவில் அழுத்தத்தோடு நீர் விட வேண்டும். விட்டுவிட்டுத் தருவதில் வேறொரு ஆபத்தும் இருக்கிறது. குழாய் காலியாகும்போது உள்ளே வெற்றிடம் உருவாகி, விரிசல் வழியாகச் சுற்றியுள்ள சாக்கடை நீரை உறிஞ்சிக்கொள்ளும். குடிநீர்க் குழாயைக் கழிவுநீர்க் குழாயிலிருந்து தள்ளியும் அதற்கு மேலேயும் போடச் சொல்வது இதற்காகத்தான்.

நீராதாரம் ஒன்றே ஒன்றாக இருப்பதும் தவறு. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரம் மழையை நம்பிய அணைகளையே ஏறக்குறைய முழுவதும் சார்ந்திருந்தது. தொடர்ந்து மழை பொய்த்ததில், 2018 பிப்ரவரியில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் என்று கட்டுப்படுத்த வேண்டியதாயிற்று. அதற்காக ஆதாரத்தை அவசரமாக மாற்றவும் கூடாது. அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரம் 2014 ஏப்ரலில் செலவைக் குறைக்க ஃபிளின்ட் ஆற்றின் நீருக்கு மாறியது. அரிப்பைத் தடுக்கும் சிகிச்சையைச் செய்யாமல் விட்டதால், பழைய குழாய்களிலிருந்த ஈயம் குடிநீரில் இறங்கியது.

நிலையம் கட்டிவிட்டு இணைப்பை மறப்பது

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் திறப்பு விழாவுக்கு ஏற்றது. வீட்டுக் கழிப்பறையிலிருந்து தெருக் குழாய் வரை போகும் ஐந்து மீட்டர் குழாய்க்கு யாரும் ரிப்பன் வெட்ட மாட்டார்கள். அந்த ஐந்து மீட்டரை வீட்டுக்காரர் செலவு என்று விட்டுவிட்டால், நிலையம் கால்வாசி நீரோடு தள்ளாடும், கழிவு பழையபடி வடிகாலில் போகும். வீட்டு இணைப்புச் செலவைத் திட்டத்துக்குள்ளேயே சேர்த்துவிட வேண்டும். நெருக்கம் குறைந்த ஓரப் பகுதிகளுக்குப் பாதாளச் சாக்கடையே தேவையில்லாமலும் இருக்கலாம். ஒழுங்காகக் கட்டிய செப்டிக் டேங்க், முறை வைத்துக் கசடு எடுக்கும் லாரி, அந்தக் கசடைச் சுத்திகரிக்க ஓர் இடம் இருந்தால் போதும்.

ஓட்டும் செலவை எழுதாமல் விடுவது

நொடிக்கு 100 லிட்டர் நீரை 40 மீட்டர் உயர்த்தும் பம்ப், 70% திறனில் சுமார் 56 கிலோவாட் இழுக்கும். ஒரு நாளைக்கு 20 மணி நேரம் ஓடினால் 1,100 யூனிட்டுக்கு மேல். வாங்கிய விலையைச் சில வருட மின்கட்டணம் தாண்டிவிடும். அழுத்தக் குழாயை 250 மில்லிமீட்டரிலிருந்து 300க்கு மாற்றினால் உராய்வு இழப்பு பாதிக்கும் கீழே போகும் என்பதால், குழாயையும் பம்ப்பையும் தனித்தனி ஒப்பந்தமாக விலை பார்ப்பது வீண். மாற்று பம்ப், மின்தடைக்கு ஜெனரேட்டர், ஓட்ட ஆள், உதிரி பாகம் எல்லாவற்றுக்கும் வருடாவருடம் பணம் எங்கிருந்து வரும் என்பது அறிக்கையில் இருக்க வேண்டும்.

கடைசியாக, காலவரிசை. "2035இல் இரண்டாம் கட்டம்" என்று வருடத்தைக் குறித்துவைத்தால், அந்த வருடம் வரும்போது நகரம் வேறு மாதிரி வளர்ந்திருக்கும். வருடத்துக்குப் பதிலாக அளவைக் குறிக்கலாம்: நிலையத்துக்கு வரும் கழிவுநீர் அதன் கொள்ளளவில் 80 சதவீதத்தைத் தொட்டால் அடுத்த பிரிவுக்கான வடிவமைப்பு தொடங்க வேண்டும், ஒரு மண்டலத்தில் உச்சநேர அழுத்தம் குறித்த அளவுக்குக் கீழே இறங்கினால் அடுத்த தொட்டி. இதற்கு மாதாமாதம் அளக்கவும், அளந்ததை ஒரே பதிவேட்டில் எழுதவும் ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும். புதைத்த ஒவ்வொரு குழாயின் ஆழம், வால்வு இருக்கும் இடம் ஆகியவற்றையும், பள்ளத்தை மூடுவதற்கு முன்பே, அதே பதிவேட்டில் அவரே ஏற்றிவிடலாம்.