சைக்கிள் மோட்டார் திக்குகிறதா?

மின் மோட்டார் கிட் மாட்டிய சைக்கிளில் ஆக்சிலரேட்டரைத் திருகினால் சக்கரம் வெட்டி வெட்டி இழுக்கிறதா? பெரும்பாலும் ஹால் சென்சார் (மோட்டாருக்குள் அது சுழலும் நிலையை உணரும் சிறு பாகம்) கோளாறுதான். மோட்டார் போச்சு என்று கடையில் சொன்னாலும் உடனே நம்ப வேண்டாம். சென்சார் கனெக்டரைக் கழற்றாமல் பேட்டரியை ஆன் செய்து, மல்டிமீட்டரின் கறுப்பு முனையைச் சென்சாரின் கறுப்பு வயரில் வையுங்கள். சிவப்பு முனையைச் சிவப்பு வயரில் வைத்தால் சுமார் 5 வோல்ட் வர வேண்டும். அடுத்து மஞ்சள், பச்சை, நீலம் மெல்லிய வயர்கள். சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றும்போது ஒவ்வொன்றும் 0க்கும் 5க்கும் மாறி மாறிக் காட்டும். (சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப் மோட்டார் உள்ளே கியர் வைத்ததானால் பின்பக்கமாகச் சுற்றுங்கள்.) மாறாத வயரின் சென்சார் போயிருக்கும், இல்லையேல் அச்சுக்குள் நுழையும் இடத்தில் வயர் நசுங்கியிருக்கும்.

சக்கரம் கையாலேயே சுற்ற அடம்பிடித்தால், பேட்டரியை எடுத்துவிட்டு மோட்டாருக்குப் போகும் மூன்று தடித்த வயர்களையும் கழற்றிப் பாருங்கள். லேசாகிவிட்டால் குற்றவாளி, மோட்டாருக்கு மின்சாரத்தைக் கட்டுப்படுத்தி அனுப்பும் கன்ட்ரோலர்.