சூட்டு வலியா, பிரசவ வலியா?

முப்பத்தாறு வாரம் தாண்டினால் வயிறு அடிக்கடி இறுகும். உடனே பயப்படாதீங்க. இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்து, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுங்க. அடங்கினால் சூட்டு வலி, அதாவது பொய் வலி. படுத்தாலும் நடந்தாலும் நிற்காமல், இடுப்பில் தொடங்கி அடிவயிற்றுக்கு வந்து, இடைவெளி குறைந்துகொண்டே போனால் பிரசவ வலி. வலி தொடங்கும் நேரத்தைத் தாளில் குறியுங்க. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், இப்படி ஒரு மணி நேரம் நீடித்தால் கிளம்புங்க. இந்தக் கணக்கு ஈரோடு, கோவை டவுனில் இருப்பவர்களுக்குத்தான். தாளவாடியிலிருந்து சத்தியமங்கலம் இறங்க திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள்; அங்கே வலி சீரானதுமே 108-ஐக் கூப்பிடுங்க. இரண்டாவது பிரசவம் பெரும்பாலும் வேகமாக நடக்கும், காத்திருக்கக் கூடாது.

குழந்தை கீழே இறங்கினால் மூச்சு லேசாகும், சிறுநீர் அடிக்கடி வரும். பிரசவம் நெருங்கும்போது பிறப்புறுப்பில் ரத்தக் கோடு கலந்த சளி கொஞ்சம் படலாம்.

சில அறிகுறிகளுக்கு வலி வரும்வரை காத்திருக்கவே கூடாது: மாதவிலக்கு போல ரத்தம், பனிக்குட நீர் கசிவு, அதுவும் பச்சையாக இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீங்க, விடாத தலைவலி, கண் மங்கல், திடீரென முகம் வீங்குதல் (ரத்த அழுத்தம் 140/90 தொட்டாலே ஆபத்து). உள்ளங்கை, பாதத்தில் ராத்திரி தாங்காத அரிப்பு கல்லீரல் கோளாறாக இருக்கலாம், அன்றைக்கே காட்டுங்க. குழந்தை அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தாலும் அப்படித்தான், விடியட்டும் என்று இருக்காதீங்க.

வலியைத் தூண்ட விளக்கெண்ணெய் குடிக்கவே வேண்டாம். வயிற்றுப்போக்கில் உடம்பு வறண்டுவிடும். பையில் ஸ்கேன் ரிப்போர்ட், பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) உள்ள அட்டை, ஆதார் இருக்கட்டும்.