களிமண்ணில் ஒரு கோல்ஃப் பட்டிங் மேடை

கொல்லைப்புறம் முழுக்கக் களிமண். மழை விட்டும் தண்ணீர் வடியாது; காய்ந்தால் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. அதனால் பட்டிங் பழக, அதாவது கோல்ஃப் பந்தைத் தரையோடு உருட்டிக் குழியில் விழவைத்துப் பழக, சுற்றிலும் மரச்சட்டம் அடித்து மேடையாக உயர்த்தினேன்.

ஆழமாகத் தோண்டவில்லை; களிமண்ணில் குழி வெட்டினால் அதுவே தொட்டியாகிவிடும். மேல்மண்ணை மட்டும் சுரண்டி, ஒரு பக்கமாக 2 சதவீதச் சரிவு கொடுத்து, ஜியோடெக்ஸ்டைல் துணி (தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் செயற்கை இழைத் துணி) விரித்தேன். அது இல்லாவிட்டால் ஜல்லி மெல்லக் களிமண்ணுக்குள் புதைந்துவிடும். தாழ்ந்த பக்கம் துளையிட்ட குழாய், மேலே ஜல்லி, அதன்மேல் கல்தூள். கல்தூளை லேசாக நனைத்து, மெல்லிய அடுக்குகளாகப் போட்டு இடிக்க வேண்டும். உள்ளங்கையால் அழுத்தினாலும் தடம் விழக்கூடாது. முதுகு ஒடிவது இங்கேதான்.

பந்து விழும் கிண்ணம் 108 மில்லிமீட்டர் விட்டம். அதன் அடியிலும் ஜல்லி போட்டேன். அப்புறம் செயற்கைப் புல் விரிப்பது சுலபம். இப்போது மழை விட்ட கொஞ்ச நேரத்திலேயே ஆடலாம்.